முதுகு மட்டும் தெரிந்த மனிதர்

கல்யாண அட்டையில் வரதராஜாவின் பெயருக்கு முன்னால் ‘திரு’ என்று போடுவதா, ‘அமரர்’ என்று போடுவதா என்பதுதான் சிக்கல். பெண்ணின் பெயர் சரி, மாப்பிள்ளையின் பெயர் சரி, முகூர்த்தம் சரி, மண்டபமும் சரி. பெண்ணைப் பெற்ற தகப்பன் இருக்கிறாரா, இல்லையா என்பது மட்டும் முடிவாகவில்லை. சிட்னியில், பிளாக்டவுனில் அட்டை அடித்துக் கொடுக்கும் தேவராஜா பொறுமைசாலிதான். அவரும் எத்தனை நாளைக்கு ஒரேயொரு சொல்லுக்காகக் காத்திருப்பார்?

“அக்கா, ஆகஸ்ட் நாலாந் திகதி திங்கட்கிழமைக்குள்ளை சொல்லிப்போடுங்கோ. அதுக்கு மிஞ்சினால் செப்ரெம்பர் கலியாணத்துக்கு லண்டன், கனடாக்காரருக்கு அட்டை போய்ச் சேராது” என்று போனில் சொல்லிவிட்டார். அது 2008ஆம் ஆண்டு ஜூலை மாதம்.

நார்த்மீட் வீட்டுக் குசினியில் நின்று யோகராணி “ஓம், ஓம்” என்றாள். அவளுக்கு ஐம்பது வயது. நெற்றியில் குங்குமப் பொட்டு, கழுத்தில் தாலிக்கொடி. இருபத்தைந்து வருடத்தில் இரண்டும் ஒரு நாள்கூட இல்லாமல் இருந்ததில்லை. கணவனைப் பற்றி யாராவது கேட்டால், “அவர் இன்னும் வந்து சேரேல்லை” என்பாள். ஏதோ பரமட்டாவில் ரயில் பிந்திவிட்டதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொல்வாள். கேட்டவர்கள் அதற்குமேல் கேட்கத் தைரியம் வராமல் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

வரதராஜா கொழும்பில் ஒரு கப்பல் ஏஜென்சியில் கிளாக்காக வேலை பார்த்தவர். வெள்ளவத்தையில் நாலு பேரோடு சேர்ந்து ஓர் அறை. மாதத்துக்கு ஒரு தடவை யாழ்தேவி ரயில் ஏறித் தெல்லிப்பழைக்கு வருவார். இரண்டு நாள் நின்று, மகள் கிரிஜாவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒழுங்கையெல்லாம் சுற்றிவிட்டுத் திரும்பிப் போவார். 1983 ஜூலை நடுவிலும் அப்படித்தான் வந்து போனார். அவர் போய் ஒரு கிழமையில், தமிழருக்கு எதிரான கலவரத்தில் கொழும்பு பற்றி எரிந்தது.

உயிர் தப்பியவர்களை ஏற்றிக்கொண்டு காங்கேசன்துறைக்குக் கப்பல்கள் வந்தன. யோகராணி ஒன்றேகால் வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கப்பலுக்கும் போய்த் துறைமுகத்தில் நின்றாள். இறங்கிவந்த முகம் ஒவ்வொன்றையும் பார்த்தாள். முதல் கப்பலில் வராதவர் அடுத்ததில் வருவார் என்றார்கள். அறைத்தோழர் ஒருவர், வரதராஜாவை பம்பலப்பிட்டி அகதி முகாமில் கண்டதாகச் சொன்னார். இடுப்பில் கட்டிய சாரத்தோடு தண்ணீருக்கு வரிசையில் நின்றாராம். இன்னொருவர், கப்பலுக்குப் பெயர் கொடுக்கும் இடத்தில் கண்டதாகச் சொன்னார். செத்ததைக் கண்டேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. யோகராணி அந்த ஒன்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கப்பல்கள் நின்றுபோயின. அவள் நிற்கவில்லை.

1987இல் அண்ணன் நித்தியானந்தன் அவளையும் பிள்ளையையும் சிட்னிக்கு எடுத்தார். அவர் பொறியியலாளராக முன்னமே வந்து வேரூன்றியவர். வந்த நாளிலிருந்து யோகராணிக்கு ஒரே கவலை, வரதராஜாவுக்கு இந்த விலாசம் எப்படித் தெரியும் என்பதுதான். செஞ்சிலுவைச் சங்கத்துக்கு எழுதினாள், பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதினாள். அந்தப் பக்கத்து வீட்டுக்காரர்களே 1990இல் தெல்லிப்பழையை விட்டு ஓடவேண்டி வந்தபிறகு, அவர்கள் ஓடிய இடத்துக்கும் எழுதினாள். வெஸ்ட்மீட்டில் இருந்து நார்த்மீட்டுக்கு வீடு மாறியபோது, பழைய போன் நம்பரையே தரவேண்டும் என்று போன் கொம்பனிக்காரனோடு இரண்டு கிழமை மல்லுக்கு நின்றாள். அந்த வீட்டில் அவள் சண்டை பிடித்து வாங்கிய ஒரே பொருள் அந்த நம்பர்தான். கிரிஜாவின் பள்ளிக்கூடப் படிவங்களில் ‘தகப்பன்’ என்ற கட்டத்துக்குள் ‘வெளிநாட்டில்’ என்று எழுதுவாள். படிவத்தை வாங்கும் ஆசிரியைகள் பெரிய உத்தியோகமாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வார்கள்.

1989இல் சிட்னி நகரத்து ஓவியக்கூடம் ஒன்றில் அவளுக்குக் காவல் வேலை கிடைத்தது. நீலச் சீருடை போட்டுக்கொண்டு அறையில் நிற்பது, “தயவுசெய்து தொடவேண்டாம்” என்பது, கழிப்பறை எங்கே என்று கேட்பவர்களுக்குக் கையைக் காட்டுவது. உலகப் புகழ்பெற்ற ஓவியங்களைப் பார்க்க வருகிற சனத்தில் பாதிப்பேருக்குக் கழிப்பறைதான் முதலில் வேண்டியிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு அறை அவள் பொறுப்பு. அங்கேதான் அந்தப் படம் தொங்கியது.

ஆஸ்திரேலியத் தெற்குக் கரையோரத்து மலைமுகம் ஒன்று. மாலை நேரம். கீழே கடல், அதன்மேல் கலைந்துகொண்டிருக்கும் பனிமூட்டம். வானம் அடியில் மஞ்சளாகத் தொடங்கி மேலே போகப்போகச் சாம்பலாகிறது. பாறை விளிம்பில் விரலளவு மனிதர் ஒருவர், பழுப்புக் கோட்டோடு, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்தபடி, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். கடலில் ஒரு பாயும் இல்லை, படகும் இல்லை. வரைந்தவர் தங்கம் தோண்டலாம் என்று ஜெர்மனியிலிருந்து கப்பலேறி வந்து, தங்கம் அகப்படாமல் தூரிகை பிடித்தவர். அவருடைய பெயர் யோகராணியின் வாயில் நுழையவில்லை. அவளுக்கு அவர் ‘எங்கட ஜெர்மன்காரர்’.

இதை ரொமான்டிக் ஓவியம் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். முதல் தடவை கேட்டபோது யோகராணி கிட்டப் போய்ப் படத்தில் பெண் எங்கே என்று தேடினாள். பாறைக்குப் பின்னாலும் இல்லை. பிறகு பதினெட்டு வருடம் கேட்டுக் கேட்டு, யாராவது எழுப்பிக் கேட்டாலும் சொல்லுமளவுக்குப் பாடமாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை வரும் ஓய்வுபெற்ற ஆசிரியை, “கடவுளின் படைப்புக்கு முன்னால் மனிதன் வெறும் தூசி, அதுதான் இதன் பொருள்” என்பார். வியாழக்கிழமை வரும் இளைஞனுக்குக் கடவுளோடு சரிவராது. “ஐரோப்பாவில் ஆலைப்புகை மூடத் தொடங்கிய காலம். மனிதர் காட்டுக்கும் கடலுக்கும் ஏங்கினார்கள். முகத்தை வரைந்தால் நாம் அந்த ஆளைப் பார்ப்போம். முதுகை வரைந்ததால் அவர் பார்க்கிறதை நாமும் பார்க்கிறோம்” என்பான். 1998இல் பக்கத்திலிருந்த விளக்கப் பலகையையே மாற்றினார்கள். இந்த நிலம் ஆளில்லாத நிலம் அல்ல, அங்கே வாழ்ந்த பூர்வகுடிகள் விரட்டப்பட்டார்கள், ஓவியர் அவர்களை வரையாமல் விட்டுவிட்டார் என்று புதிய பலகை சொன்னது. யோகராணி அதை மூன்று தடவை வாசித்தாள். அவளுடைய தெல்லிப்பழையிலும் எட்டு வருடமாகச் சனம் இல்லை. யாராவது இப்போது போய் நின்று வரைந்தால் மிக அழகான படம் ஒன்று கிடைக்கும்.

ஆனால் ஆயிரம் விளக்கம் வந்தாலும் அவளுக்கென்று ஒரு விளக்கம் இருந்தது. அதை அவள் ஒருவருக்கும் சொன்னதில்லை. அந்த மனிதர் கப்பலுக்குக் காத்திருக்கிறார். கப்பல் வந்ததும் திரும்பிக் கையை அசைப்பார். துறையில் நிற்கிற ஆளை அவளுக்குத் தெரியாதா? சில நாட்களில் அங்கே நிற்பது அவள்தான். சில நாட்களில் அது வரதராஜா, ஏதோ ஒரு கரையில், விலாசம் தெரியாமல் நிற்கிறார். மாலையில் அறையைப் பூட்டும் நேரம் வந்தால், யாருமில்லை என்று பார்த்துக்கொண்டு, “போட்டு வாறன்” என்று அந்த முதுகுக்குச் சொல்லிவிட்டுத்தான் போவாள். அந்த ஏக்கத்தில் ஒரு சுகமும் இருந்தது. அது இல்லாமல் எப்படி நாளைக் கழிப்பதென்று அவளுக்குத் தெரியாமல் போயிருந்தது.

ஓவியக்கூடத்துக் கடையில் அந்தப் படத்தின் பிரதி விற்றார்கள். 1991இல் ஒன்றை வாங்கிச் சட்டம் போட்டு வீட்டு ஹோலில் மாட்டினாள். வரதராஜாவின் படம் எதையும் அவள் சுவரில் மாட்டியதில்லை. தமிழ் வீட்டுச் சுவரில் ஓர் ஆணின் படம் தனியாகத் தொங்கினால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அதனால் அவருடைய படங்கள் அலுமாரிக்குள், சேலைகளுக்கு அடியில் இருந்தன. சுவரில் ஜெர்மன்காரரின் மனிதர் நின்றார்.

விதி என்று சொல்வதா, சிவமணி அன்ரி என்று சொல்வதா தெரியவில்லை. 1995இல் சரஸ்வதி பூசைக்கு நாலைந்து குடும்பம் வீட்டுக்கு வந்திருந்தது. சிவமணி அன்ரி சிட்னிக்கு வந்து இரண்டு மாதம். நல்ல மனது, சும்மா இருக்கத் தெரியாத கை. யோகராணி குசினியில் கடலை தாளித்துக்கொண்டிருந்தபோது, சாமிக்குப் போட்டு மிஞ்சிய பூச்சரத்தை என்ன செய்வது என்று அன்ரி சுற்றிப் பார்த்திருக்கிறார். சுவரில் தனியாக ஓர் ஆண்பிள்ளை. கோட்டும் தொப்பியுமாக, படித்த உத்தியோகத்தர்போல. கண்ணாடி போட்டுப் பார்த்திருந்தால் வெள்ளைக்காரன் என்று தெரிந்திருக்குமோ என்னவோ. முதுகுக்கு ஏது நிறம்? ‘பாவம், இந்தப் பிள்ளையின்ரை மனுசன்’ என்று எண்ணிச் சரத்தைச் சட்டத்தில் சாத்தி, கண்ணாடியில் சந்தனத்தால் ஒரு பொட்டும் வைத்துவிட்டார்.

கடலைச் சட்டியோடு ஹோலுக்கு வந்த யோகராணி அதைக் கண்டாள். சட்டியைக் கீழே வைத்தாளா, போட்டாளா என்று பிறகு ஒருவருக்கும் நினைவில்லை. பாய்ந்து போய்ச் சரத்தை இழுத்து அறுத்தாள். செவ்வந்தி இதழ்கள் வந்திருந்தவர்களின் தலையிலும் மடியிலும் விழுந்தன.

“ஆர் உதைப் போட்டது? ஆர் போட்டது?”

“நான்தான் பிள்ளை” என்றார் சிவமணி அன்ரி. “அது உம்மடை அவர் எண்டெல்லோ நினைச்சன்.”

அவர் வேண்டுமென்று செய்யவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும், யோகராணிக்கும் தெரியும். ஆனால் ஊர் தன்னைப்பற்றி என்ன நினைத்துக்கொண்டிருக்கிறது என்பதும் அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தாள். சந்தனம் இழுபட்டுப் பனிமூட்டத்தோடு கலந்தது. பதின்மூன்று வயதுக் கிரிஜா கதவு நிலையில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் ஒருவரும் எதுவும் கேட்கவில்லை.

அந்தக் கிரிஜாவுக்கு இப்போது இருபத்தாறு வயது, ஆஸ்பத்திரியில் மருந்தாளர், கோபாலகிருஷ்ணன் வீட்டு மருமகளாகப் போகிறாள். அட்டை விஷயம் பேச நித்தியானந்தன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தார். சாப்பிட்டு முடியும்வரை பொறுத்திருந்துவிட்டுக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு தொடங்கினார்.

“ராணி, அமரர் எண்டே போடுவம். கோபாலகிருஷ்ணன் ஒண்டும் சொல்லேல்லை, தங்கமான மனுசன். ஆனால் திரு எண்டு போட்டால், தகப்பன் இருக்கத் தாய்மாமன் ஏன் தாரை வார்க்கிறான் எண்டு சனம் கேக்கும்.”

“கேக்கட்டும்.”

“இருபத்தைஞ்சு வருசம் அம்மா.”

“அண்ணா, இவ்வளவு காலமும் அவர் செத்துப்போனார் எண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை. ஆமிக்காரன் சொல்லேல்லை, அரசாங்கம் சொல்லேல்லை. நானே அதை எழுதிக் கையெழுத்து வைக்கோணுமோ? நான் எழுதிற அண்டைக்குத்தான் அவர் சாவார். என்ரை கையாலை அது வேண்டாம்.”

சாப்பாட்டு மேசையில் மகளும் இருந்தாள். கோபம் வந்தால் கிரிஜா ஆங்கிலத்துக்கு மாறிவிடுவாள். அன்றைக்கு மாறவில்லை. தாய்க்கு முழுதாகப் போய்ச் சேரவேண்டும் என்று, சொல் சொல்லாகத் தேடித் தமிழில் சொன்னாள்.

“அம்மா, அப்பா உயிரோடை இருக்கிறார் எண்டால், ஏன் என்னைப் பாக்க வரேல்லை?”

யோகராணி மேசையில் கிடந்த கோப்பைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

“சின்னனிலை இருந்து நான் அதைத்தான் யோசிச்சனான். எங்கையோ இருக்கிறார், ஆனால் வரேல்லை. என்னைப் பிடிக்கேல்லையோ? எனக்குத் தெரிஞ்ச அப்பா உந்தச் சுவரிலை இருக்கிற முதுகு மட்டும்தான். ஸ்கூலுக்குப் போகேக்கை அதுக்கு பை சொல்லிப்போட்டுப் போறனான், தெரியுமோ? அம்மா, வராத அப்பா எனக்கு வேண்டாம். செத்த அப்பா போதும். செத்தவர் எண்டால் என்னிலை அன்பா இருந்தவர் எண்டு நான் நினைக்கலாம்.”

சொல்லிவிட்டு எழுந்து போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு பத்து நாள் தாயும் மகளும் “சாப்பிட்டியோ”, “ஓம்” என்பதற்குமேல் பேசவில்லை. ஒரே வீட்டுக்குள் இரண்டு பேர், ஒரே மனிதருக்காக, தனித்தனியாக ஏங்கிக்கொண்டிருந்திருக்கிறார்கள். இது யோகராணிக்கு இதுவரை தோன்றவே இல்லை. தன் காத்திருப்பு பிள்ளைக்கும் சேர்த்து என்று நினைத்திருந்தாள்.

அந்த நாட்களில் ஓவியக்கூடத்துச் சுவரும் வெறுமையாக இருந்தது. ஜெர்மன்காரரின் படத்தை வருடத் தொடக்கத்திலேயே சுத்தம் செய்யக் கீழ்த்தளத்துக்கு இறக்கிவிட்டார்கள். ஓவியங்களைத் துடைத்துப் பழுதுபார்க்கும் பிரிவில் மார்கரெட் சவரிமுத்து இருந்தார். ஈப்போவிலிருந்து மாணவியாக வந்து, இரசாயனம் படித்து, இந்த வேலையில் தலை நரைத்தவர். கன்ரீனில் கண்டால் இருவரும் தமிழில் பேசிக்கொள்வார்கள். மார்கரெட்டின் மலேசியத் தமிழும் யோகராணியின் யாழ்ப்பாணத் தமிழும் ஒன்றையொன்று அன்பாகக் கேலி செய்துகொள்ளும். ஜூலை முப்பதாம் திகதி, புதன்கிழமை, மார்கரெட் மேலே வந்து, “யோகராணி, உங்க ஆளு கீழ படுத்திருக்காரு. வந்து பாக்குறீங்களா?” என்றார். இவள் அந்தப் படத்தின்மேல் வைத்திருந்த பிரியம் அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான்.

கீழ்த்தளத்து மேசையில் சட்டமில்லாமல் படம் மல்லாந்து கிடந்தது. பழைய மஞ்சள் வார்னிஷ் போய்விட்டதால் வானம் வேறு வானமாக இருந்தது. மார்கரெட் விளக்கைச் சரித்து, பூதக்கண்ணாடியை அவள் கையில் கொடுத்தார்.

“பாறையில வெடிப்பு ஓடுது பாருங்க, மயிரிழை மாதிரி. காய்ஞ்ச பழைய பெயின்ட். அந்த வெடிப்பு இவரு காலுகிட்ட வந்து என்ன ஆகுது?”

யோகராணி பார்த்தாள். “அவருக்குக் கீழாலை போகுது.”

“ஆமாலா. இவருக்கு அடியில ஒரு வார்னிஷ் இருக்கு. அதுக்கு மேல பத்துப் பதினோரு வருஷத்து அழுக்கு, அடுப்புப் புகை. அதுக்கு மேலதான் இவரு நிக்கிறாரு. முதல்ல வரைஞ்சப்ப இந்தப் படத்தில ஆளே கிடையாது.”

“பிறகு ஆர் வரைஞ்சது?”

“அதே ஓவியர்தான். போன மாசம் ஜெர்மனியில இருந்து கடிதம் ஒண்ணோட நகல் வந்துச்சு, அக்காவுக்கு எழுதினது. அவரும் தம்பியும் சேந்துதான் தங்கம் தேட வந்திருக்காங்க. ஒரு சாயங்காலம் தம்பி இந்தக் கடலோரப் பாதையில அடுத்த ஊருக்குப் புறப்பட்டவன் போய்ச் சேரல. உடம்பும் கிடைக்கல. ரெண்டு வருஷம் தேடியிருக்காரு. அப்புறம் இந்த இடத்தில உக்காந்து ஆளில்லாம வரைஞ்சிருக்காரு. பதினோரு வருஷம் கழிச்சு, வாங்கினவங்க வீட்டுல போய்ப் படத்தைக் கேட்டு வாங்கி, தம்பியை இங்க வச்சுட்டாரு.”

“தம்பி வந்திட்டானோ?” என்றாள் யோகராணி.

“இல்ல. தேடுறதை விட்டுட்டாரு. கடிதத்தில எழுதியிருக்காரு பாருங்க.” மார்கரெட் ஆங்கிலப் படியை எடுத்து மெல்லத் தமிழாக்கினார். “‘தேடிக்கிட்டிருந்த வரைக்கும் அவன் எங்கேயும் இல்லாம இருந்தான். இப்ப அவனுக்கு ஒரு இடம் இருக்கு. நம்ம அம்மா கேட்டா, அவன் இங்க இருக்கான்னு சொல்லு. முகத்தை வரைய முடியல. மறந்துபோச்சு. முதுகு மட்டும் மறக்கல. கடைசியா நான் பாத்தது அதைத்தானே.’”

யோகராணி பூதக்கண்ணாடியை மேசையில் வைத்தாள்.

அன்று மாலை ரயில் பரமட்டாவைத் தாண்டி வெஸ்ட்மீட்டில் நின்றபோதுதான் அவள் இறங்க மறந்ததைக் கண்டாள். பிளாட்பார வாங்கில் உட்கார்ந்தாள். பதினெட்டு வருடமாக அந்த மனிதர் திரும்புவார் என்று நம்பியிருந்தாள். அவர் வரப்போகிறவரே இல்லை. போனவர். போய்விட்டார் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் ஓவியரான அண்ணன் அவரை அங்கே நிற்கவைத்தார். வழிகாட்டிகளும் பிழை, பலகைகளும் அரைவாசிப் பிழை, எல்லோரையும்விடப் பெரிய பிழை தன்னுடையது.

அதைவிடக் கொடுமையான ஒன்றும் அந்த வாங்கில் ஞாபகத்துக்கு வந்தது. வரதராஜா கடைசியாகப் போன நாளில், யாழ்தேவியின் ஜன்னலோரம் நின்று கையசைத்தார் என்றுதான் அவள் எல்லோருக்கும் சொல்லியிருந்தாள், தனக்கும் சொல்லியிருந்தாள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. பெட்டியில் சனம் நெரிந்தது. அவர் பையை மேல்தட்டில் வைக்க அந்தப் பக்கம் திரும்பி நின்றார். ரயில் எடுத்துவிட்டது. வெள்ளைச் சட்டை, தோள்பட்டைக்கு நடுவில் வியர்வை நனைத்த முதுகு. அவள் கண்ட கடைசிக் காட்சி அதுதான். முகத்தை நினைக்கப் பார்த்தாள். அலுமாரிக்குள் இருந்த படத்தின் முகம்தான் வந்தது, மனிதரின் முகம் வரவில்லை. அவரை விட்டுவிடக் கூடாது என்று இத்தனை காலம் பிடித்துக்கொண்டிருந்தும், முகத்தைப் பாதுகாக்க முடியவில்லையே என்று அவளுக்கு ஆறவில்லை.

அடுத்த நாள், வியாழக்கிழமை, மதிய இடைவேளையில் தேவராஜாவுக்குப் போன் எடுத்தாள். “தம்பி, அமரர் எண்டு போடுங்கோ” என்றாள். “சரி அக்கா” என்றார் தேவராஜா. வேறொன்றும் கேட்காத அந்த மனிதருக்குக் கோடி புண்ணியம்.

மாலை ஆறு மணிக்குக் கிரிஜா வேலையால் வந்தாள். யோகராணி குசினி வாசலில் நின்றாள்.

“பிள்ளை, நாளைக்கு லீவு எடு. காலமை ஒண்டும் சாப்பிடாதை. நாளைக்கு ஆடி அமாவாசை.”

கிரிஜா சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். “மாமா பிடிக்கிற விரதமோ?”

“ஓம். தகப்பன் இல்லாத பிள்ளையள் பிடிக்கிற விரதம்.”

ஒரு சப்பாத்து காலிலும் ஒன்று கையிலுமாகக் கிரிஜா அப்படியே நின்றாள். பிறகு, “நான் என்னென்ன செய்யவேணும்?” என்று மட்டும் கேட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை யோகராணி தலைமுழுகிவிட்டுக் கண்ணாடி முன்னால் வந்தாள். பொட்டு வைத்துக்கொண்டாள். அட்டைக்கு ஒரு சொல் கொடுத்தாயிற்று, நெற்றி அவளுடையது. அதில் ஊருக்கு என்ன பேச்சு?

சமையல் அமளிதுமளிப்பட்டது. கத்தரிக்காய்ப் பொரித்த குழம்பு, வாழைக்காய்ப் பொரியல், பருப்பு, உழுந்து வடை, மோர் மிளகாய், பாயசம். ஆடி அமாவாசைக்கு ஊரில் காத்தோட்டிக்காய் பொரிப்பார்கள், கைக்கும். அது சிட்னியில் கிடைக்காது. பாவற்காயை வெட்டிப் பொரித்தாள். அலுமாரியில் சேலைகளுக்கு அடியிலிருந்து வரதராஜாவின் பாஸ்போட் அளவுப் படம் ஒன்றை எடுத்து, சாமி அறையில் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தாள். கிரிஜா கிட்டக் குனிந்து பார்த்தாள். எப்போதோ களவாகப் பார்த்த படம்தான். பயமில்லாமல் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

“என்ரை மூக்கு” என்றாள்.

“உன்ரை மூக்கில்லை, அவற்றை மூக்கு. நீதான் எடுத்துக்கொண்டனி.”

கிரிஜாவுக்குச் சிரிப்பும் வந்தது, மூக்கை உறிஞ்சவும் வேண்டியிருந்தது. வாழையிலையை விரித்தாள். யோகராணி ஒவ்வொன்றாகப் பரிமாறினாள்.

“அம்மா, அப்பாவுக்கு என்ன பிடிக்கும்?”

இருபத்தாறு வருடத்தில் கேட்கப்படாத கேள்வி. வரப்போகிறவரைப் பற்றி ஏன் கேட்கவேண்டும், வந்ததும் அவரிடமே கேட்கலாமே என்றுதான் அந்த வீடு இருந்தது. யோகராணி கரண்டியோடு நின்றாள். சொல்லத் தொடங்கியவளுக்கு நிறுத்த முடியவில்லை. கத்தரிக்காய் என்றால் மனிதர் உயிரை விடுவார். வடையில் ஓட்டை சரியாக இல்லாவிட்டால் அதைத் தூக்கிக் கண்ணில் வைத்து அவளைப் பார்ப்பார். பாயசத்துக்குச் சீனி போதாது என்று எப்போதும் சொல்வார். பாவற்காயைக் கண்ணிலும் காட்டக் கூடாது.

“பிறகேன் வைக்கிறீங்கள்?”

“இண்டைக்கு மட்டும் தின்னட்டும். என்னை இருபத்தைஞ்சு வருசம் காக்க வைச்சவர்தானே.”

இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் கிரிஜா பாயில் முழந்தாளிட்டு, செம்பிலிருந்து தண்ணீர் எடுத்து இலையைச் சுற்றி விட்டாள்.

“என்ன சொல்லவேணும்?”

“மந்திரம் ஒண்டும் எனக்குத் தெரியாது பிள்ளை. சாப்பிடச் சொல்லு.”

கிரிஜா வாயைத் திறந்தாள். அந்தச் சொல்லைப் படிவங்களில் பார்த்திருக்கிறாள், மற்றவர்களோடு பேசும்போது சொல்லியிருக்கிறாள். ஓர் ஆளைக் கூப்பிட அதைப் பயன்படுத்தியதில்லை. “அப்பா” என்றாள். சத்தம் வெளியில் வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, பக்கத்து அறையில் இருப்பவரைக் கூப்பிடுவதுபோலக் கொஞ்சம் உரத்து, “அப்பா, சாப்பிட வாங்கோ” என்றாள்.

யோகராணி சுவரைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்தாள். இருபத்தைந்து வருடம் பிந்தி, வாய்விட்டு அழுதாள்.